இன்ஜினுக்குள் இருந்த உப்பு

எங்கள் அப்பா தூத்துக்குடியில் பழைய ஃபைபர் போட் ஒன்றை வாங்கி ஓட்டினார். ஆறே மாதத்தில் இன்ஜின் இறுகிப்போனது. மெக்கானிக் கஸ்மீரைக் கரைக்கு வரவழைத்துக் கத்தினார்.

"நீ சர்வீஸ் பண்ணித்தான்டா கெட்டுச்சு. உன் செலவுல புது இன்ஜின் மாட்டு. இல்லன்னா இந்தக் கரையில இனி ஸ்பேனரைத் தொடக்கூடாது!"

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கும் நானும் சும்மா இருந்தேனா? நுகர்வோர் சட்டம்வரை இழுத்து வாதாடினேன்.

கஸ்மீர் நிதானமாகக் கேட்டார். "அண்ணாச்சி, கடல்ல இருந்து வந்ததும் இன்ஜினுக்குள்ள நல்ல தண்ணி விட்டுக் கழுவுனீங்களா?"

"ஒருநாள் தவறல!" என்றார் அப்பா, கரையே கேட்க.

"படிச்ச பிள்ளைகிட்ட ஒரு சந்தேகம். தினமும் நல்ல தண்ணி ஓடுற துவாரத்துல உப்பு தங்குமாம்மா?"

"எப்படித் தங்கும்? கரைஞ்சு போயிடுமே!" என்றேன் பெருமையாக.

அவர் இன்ஜினைத் திறந்து, சூட்டைத் தணிக்கக் கடல்தண்ணீர் ஓடும் துவாரத்தைத் தட்டினார். வெள்ளைக் கட்டிகள் என் உள்ளங்கையில் விழுந்தன. "நாக்குல வச்சுப் பாத்து நீயே சொல்லும்மா. நான் சொன்னா அண்ணாச்சி நம்பமாட்டாரு."

கரித்தது. "உப்பு" என்றேன். அப்பா வேட்டியில் இல்லாத மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

புது இன்ஜினை அப்பாவே வாங்கினார், கஸ்மீர் மாட்டினார். முதல் நாள் போட் கரையேறியபோது நல்ல தண்ணீர்க் குடத்தோடு நின்றவள் நான்.

"என்னம்மா, இன்னைக்குச் சட்டம் ஒண்ணும் இல்லியா?" என்றார் கஸ்மீர்.

நான் தலைநிமிராமல் தண்ணீர் ஊற்றினேன்.