சத்தியம் செய்யாதவனின் சொல்

கதை சின்னதுதான். ஆனால் கடைசியில் ஒரு கேள்வி காத்திருக்கிறது, ஆகையால் காதைக் கொஞ்சம் இங்கேயே வைத்திருங்கள்.

முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் இங்கிலாந்தில் குவேக்கர் என்றொரு கூட்டத்தார் தலையெடுத்தார்கள். பிடிவாதத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. நீதிபதியே எதிரில் வந்தாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். பிச்சைக்காரனையும் பிரபுவையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். கூடி மௌனமாக உட்கார்ந்திருப்பதே அவர்களுக்கு வழிபாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தியம் மட்டும் செய்யவே மாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பது அவர்கள் கட்சி. கொஞ்சம் தலைக்கனமாகத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அந்தக் கூட்டத்தில் ஹெஸ்டர் என்றொரு பெண். அவள் கணவன் ஒபதையா ஒரு நெசவாளி. அரசனுக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனான். வீடும் தறியும் அபராதத்தில் போயின. அவர்கள் கூட்டத்தார் பலர் அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரையில் குடியேறக் கிளம்பினார்கள். அங்கே யாரும் யாரையும் சத்தியம் கேட்கப்போவதில்லை. ஹெஸ்டருக்கும் கைக்குழந்தைக்கும் கப்பலில் இடம் கிடைத்தது. ஒபதையாவுக்கு விடுதலை எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவனுடைய கம்பளி மேலங்கியை அவள் தன் பெட்டியில் மடித்து வைத்தாள். ஒருவேளை அவனும் வந்துவிட்டால்? அந்த ஆசையை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கப்பல் புறப்படும் நாளில், மனைவியை வழியனுப்பிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லி ஒபதையா சிறைக் காவலன் கில்பர்ட்டிடம் அனுமதி கேட்டான். கைதி தப்பினால் காவலன் உள்ளே போக வேண்டும். இருந்தாலும் கில்பர்ட் இதற்கு முன் எத்தனையோ குவேக்கர்களை அறுவடைக்கும் சாவு வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறான், ஒருவரும் தவறியதில்லை. பேச்சுக்கு ஒரு சத்தியம் செய்யச் சொன்னான்.

"சத்தியம் செய்கிறவனாக இருந்தால் நான் ஏன் உன் சிறையில் இருக்கிறேன்?" என்றான் ஒபதையா. "வருவேன்."

கில்பர்ட் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான்.

துறைமுகத்தில் ஒபதையா பெட்டியைச் சுமந்து கப்பலின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனான். அங்கேயே குழந்தைக்குத் தூளி கட்டத் தொடங்கினான். மேலே நின்ற ஹெஸ்டரிடம், விஷயம் தெரிந்த கப்பல் தலைவன் மெல்ல வந்தான்.

"இதோ பார் அம்மா, வாக்குக் கொடுத்தது அவன். நீ கொடுக்கவில்லை. அவன் கீழே இருக்கும்போதே கரைக்குப் போட்ட பலகையை இழுத்துக் கப்பலைக் கிளப்பிவிடுகிறேன். அவன் ஓடிப்போனதாக ஆகாது. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். சும்மா இரு, போதும்."

சும்மா இருப்பது ஹெஸ்டருக்குத் தெரியாத வித்தையா? சிறு வயதிலிருந்து வாராவாரம் அதைத்தானே பழகியிருந்தாள். கீழே ஒபதையா குழந்தையைக் கொஞ்சுவது கேட்டது. அந்தக் குரல் இல்லாமல், பெயர் தெரியாத காட்டில், கைக்குழந்தையோடு எப்படி வாழ்வது? மாலுமிகள் பலகையில் கை வைத்தார்கள்.

ஹெஸ்டர் படியிறங்கினாள். பெட்டியைத் திறந்து மேலங்கியை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

"ஒபதையா, கப்பல் கிளம்பப் போகிறது. கரைக்கு இறங்கு. சிறையில் குளிரும்."

அவன் மேலங்கியைத் தடவிப் பார்த்தான். அது அவள் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. குழந்தையை முத்தமிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

இருட்டுவதற்குள் சிறை வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கில்பர்ட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

இப்போது சொல்லுங்கள். சத்தியம் வாங்காமல் அனுப்பிய காவலன், கப்பலேறியும் சிறைக்குத் திரும்பிய கணவன், வாய் திறந்து அவனை இறக்கிவிட்ட மனைவி, இந்த மூவரில் யார் பெரியவர்?

விடை: கில்பர்ட் நல்லவன்தான். ஆனால் ஆள் திரும்பி வருவான் என்பது அவனுக்குத் தெரியும், இல்லாவிட்டால் சோறு இறங்கியிருக்குமா? ஒபதையா தான் கொடுத்த வாக்கைத் தான் காப்பாற்றினான், அதற்கும் துணிவு வேண்டும். ஹெஸ்டரோ யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் கணவன் அவளோடு இருந்திருப்பான். அவனைப் பூட்டிவைத்த காவலன் உள்ளே போகக் கூடாதென்றும், கணவன் சொன்ன ஒரு சொல் பொய்யாகக் கூடாதென்றும் அவனையே விட்டுக்கொடுத்தாள். அவள்தான் பெரியவள், எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னொரு கோடையில் அந்த ஆற்றங்கரைக்கு வேறொரு கப்பல் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்களில் ஒருவன் அந்த வெயிலிலும் கம்பளி மேலங்கி போட்டிருந்தான்.