நீர்ப்பல்லியின் மேற்குக் கரை

“ஐயா, குரு செஞ்ச தப்பைச் சொன்னா அது துரோகமா?”

உலகம்மை கேட்டாள். சடகோபர் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தக் குரு?”

“நீங்கதான்.”

பனிமலைச் சரிவில், உயிர்களை இனம் பிரித்துப் படிப்பவர்களின் மடம் அது. சடகோபர் அதன் தலைவர். பெரிய ஞானி, தற்பெருமையிலும் சளைத்தவர் இல்லை.

அங்கே ஆற்றின் இரு கரைக் குளங்களிலும் நீர்ப்பல்லி உண்டு. உருவம் பல்லி, உறவு தவளை. அது தனி இனம் என்று முதலில் சொன்னவர் அவர். அது வாழும் இடங்களையெல்லாம் காவிக்கல்லால் சுவரில் வரைந்து வைத்திருந்தார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கிறாரோ இல்லையோ, படத்தைக் காட்டி, “கண்டுபிடிச்சது நான்!” என்று மார்தட்டிவிடுவார்.

“என்ன தப்பு?”

“அது ஒரு இனம் இல்லைங்க ஐயா. ரெண்டு. மேற்குக் கரையில இருக்கறது வேற.”

மற்ற மாணவர்கள் முகம் சுளித்தார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று ஒருவன் முணுமுணுத்தான். மடத்தை விட்டே போகச் சொல்லிவிடுவாரோ என்று உலகம்மைக்குப் பயம்.

இரு கரைப் பல்லிகளும் ஒரே தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தன; மேற்கில் பிடித்தவற்றின் வாலில் மட்டும் அடையாளத்துக்கு ஒரு மைப்பொட்டு.

“கண்ணை மூடு,” என்றார் சடகோபர். ஒன்றை எடுத்து அவளுடைய ஈரக் கையில் வைத்தார்.

“கிழக்கு. முதுகுக் கொப்புளமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு.”

இன்னொன்றை வைத்தார்.

“மேற்கு. இதுல தனித்தனியா இருக்கு.”

அவர் தம் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

“எனக்கு வை.”

வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

“இது... மேற்கு.”

“ஆமாங்க ஐயா.”

கண்ணைத் திறந்தார். துணியொன்றை நனைத்து அவளிடம் கொடுத்தார்.

“மேற்கை அழி.”

“ஐயா, நீங்க வரைஞ்சது...”

“வரைஞ்சது நான். தப்புன்னு கண்டது நீ. அழி.”

அழித்தாள். பாதிப் படம் போயிற்று.

அன்று அவர் சாப்பிடவில்லை. வலிக்காதா பின்னே?

மறுநாள் ஒரு யாத்திரிகர் வந்தார். போன வருஷமும் வந்து படத்தைப் பார்த்தவர்தான். சுவரைக் கண்டதும் பதறிப்போனார்.

“அடடா! எவன் சாமி உங்க படத்தை இப்படிப் பாதி அழிச்சது?”

சடகோபர் தண்ணீர் கொடுக்க மறந்து எழுந்தார். மலை முழுக்கக் கேட்கும்படி உலகம்மையைக் கூப்பிட்டார். அவள் ஓடி வந்து நின்றாள்.

அவர் மார்தட்டிக்கொண்டார்.

“எவனும் இல்லைய்யா. இவ! என் மாணவி!”