கூரையில்லாத அடுப்படி

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிற காற்றுக்கு ஈவு இரக்கமே கிடையாது. ஆனியில் ஆரம்பித்தால் ஆவணி கழிகிற வரைக்கும் அடிக்கும். கொடியில் காயப்போட்ட வேட்டியைத் தேடி அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். அந்தக் காற்று நேராக வந்து மோதுகிற ஒரு மேட்டில் சின்னதாக ஒரு மடம் இருந்தது. மடத்துக்குக் கூரை உண்டு. அதன் அடுப்படிக்கு மட்டும் கிடையாது.

கூரை இடிந்து விழவில்லை. யாரும் போடவே இல்லை. மடத்தை உண்டாக்கிய பெரியவர் கண்ணை மூடும்போது, "அடுப்படிக்கு மட்டும் கூரை போட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஏன் என்று கேட்க அன்றைக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அப்படியே பழகிவிட்டது. விறகு எரித்தால் பொறி பறந்து சுற்றியிருக்கிற பனைமரங்களில் பிடித்துக்கொள்ளும் என்று கரியடுப்பு வைத்துக்கொண்டார்கள். மேட்டின் உச்சியில், சுற்றிச் சுவர்கூட இல்லாமல், வானம் பார்க்கக் கிடந்தது அந்த அடுப்பு. கீழே வாசலில் நின்று பார்த்தாலும் சமைக்கிறவர் முகம் தெரியும்.

கோலப்பன் அந்த மடத்துக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சுற்று வட்டாரத்தில் கல்யாணச் சமையலுக்குப் பேர் போனவர். வாய்க்கும் பேர் போனவர். சாம்பார் கொதிக்கத் தாமதமானால் விறகை வைவார். விறகு நன்றாக எரிந்தால் பாத்திரம் விளக்கினவளை வைவார்.

பெற்ற மகள் சிவகலையின் கல்யாணத்திலும் அவரேதான் சமையல். முற்றத்தில் அடுப்பு போட்டிருந்தார். பாயசம் இறக்குகிற நேரம் பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. மழையை என்ன செய்ய முடியும்? மேலே ஒரு தார்ப்பாய் கட்ட விடவில்லை என்று மாப்பிள்ளையின் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். பந்தி நடுவே, கையில் கரண்டியோடு, சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் போன மகள் பிறகு அப்பா வீட்டுப் படி ஏறவில்லை. கோலப்பனும் அதற்கப்புறம் ஒரு கல்யாணத்துக்கும் கரண்டி எடுக்கவில்லை.

மடத்தில் குருவாக இருந்தவர் ஆவுடையம்மை. கோலப்பனைவிடப் பதினைந்து வயது இளையவர். பருத்த உடம்பு, சிரித்த முகம். மடியில் எந்நேரமும் வறுத்த கடலை வைத்திருப்பார். கோலப்பன் அவரை அம்மை என்று கூப்பிட்டார். அவர் கோலப்பனை அண்ணாச்சி என்றார்.

வந்த அன்றைக்கே கோலப்பன் கேட்டார்.

"அம்மை, எனக்கு இந்தக் கோபம் எப்ப போகும்?"

"சமையல் தெரியும்லா?"

"அதுதானே என் தொழிலு."

"அப்ப அடுப்படியைப் பாத்துக்கிடுங்க."

கோலப்பன் காத்திருந்தார். ஆவுடையம்மை இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான் பதில்.

கரியடுப்பும் வெட்டவெளியும் சேர்ந்துகொண்டு அவரைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாரல் விழுந்த மறுநாள் கரி ஈரம் குடித்துக் கிடக்கும். ஊதி ஊதிக் கன்னம் வலிக்கும், புகை வரும், நெருப்பு வராது. வந்தாலும் படபடவென்று வெடித்துப் பொறி காலில் தெறிக்கும். மார்கழிக் குளிரில் அடுப்பு சூடேறுவதற்குள் அவருக்குப் பசி எடுத்துவிடும். ஆடிக் காற்றிலோ எல்லாம் தலைகீழ். ஒரு மூட்டைக் கரி நாலு நாளைக்கு வருவது போய், ஒன்றரை நாளில் சாம்பலாகும். பானையின் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் அரிசி அரிசியாகவே இருக்கும்.

கோலப்பன் காற்றை வைதார். மேற்குப் பார்த்து நின்று ஆள் எதிரே நிற்கிற மாதிரியே வைவார். பால் கொண்டு வருகிறவர், "இன்னைக்கு அண்ணாச்சிக்கும் காத்துக்கும் கைகலப்பு ஆயிட்டா?" என்று விசாரித்துவிட்டுத்தான் மடத்துக்குள் வருவார்.

இடையில் சில நாட்கள் நல்ல வெயிலாக இருந்தது. இலை அசையவில்லை. கரி நல்ல பிள்ளையாக எரிந்தது. சோறு பூவாக வெந்தது. கோலப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஆவுடையம்மையிடம் போனார்.

"அம்மை, கோபம் போயிட்டுன்னு நினைக்கேன்."

"இன்னைக்குக் காத்து இல்லை, அண்ணாச்சி."

கோலப்பன் அடுப்படிக்குத் திரும்பி வந்தார். அன்று சாயங்காலமே காற்று எழும்பிவிட்டது. அதற்கும் ஒரு பாட்டம் வைதார்.

ஆவணி பிறந்ததும் மடத்துக்கு ஒரு ஃபோன் வந்தது. ஆவுடையம்மைதான் எடுத்தார். பேசி முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"சிவகலை பேசினா."

கோலப்பன் கையிலிருந்த அகப்பை நின்றுவிட்டது.

"பிள்ளைக்கு ஆறு மாசம் ஆயிட்டாம். முதல் சோறு தாத்தா கையால குடுக்கணும்னு அவளுக்கு ஆசை. வெள்ளிக்கிழமை."

"வாறாளா?"

"வாறேன்னு சொல்லலை. வந்து பாக்கேன்னு சொன்னா."

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கோலப்பனுக்குப் புரியாமல் இல்லை. பேத்தி பிறந்ததையே அவர் பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். இந்த ஒரு வாசல் திறந்திருக்கிறது. இதுவும் சாத்திக்கொண்டால் அப்புறம் ஒன்றும் இல்லை. அந்தப் பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

பச்சரிசியும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பாயசம் வைக்க வேண்டும். வெல்லம் விழுந்த பிறகு தீ ஒரு பொட்டு கூடினாலும் அடிபிடித்துவிடும். இந்தக் காற்றில் அது எங்கே நடக்கும்?

"அம்மை, அடுப்புக்கு ஒரு கூரை..."

ஆவுடையம்மை அவரைப் பார்த்தார்.

"சரி, கூரைதானே கூடாது. சுவர் கூடாதுன்னு பெரியவர் சொல்லலையே?"

"சொல்லலை."

"கட்டட்டா?"

"கட்டுங்க."

வியாழக்கிழமை முழுக்கக் கோலப்பன் சுவர் கட்டினார். பின்கட்டில் கிடந்த பழைய செங்கலை எல்லாம் சுமந்து வந்தார். அடுப்பை ஒட்டி, அதன் வாய் உயரத்துக்கு, சுற்றிலும் அடுக்கினார். சந்துகளில் களிமண்ணை அப்பினார். அடியில் சாம்பல் வாரும் வாயையும் விடவில்லை, அதையும் அடைத்தார். கையை வைத்துத் தடவிப் பார்த்தார். ஒரு இழை காற்று உள்ளே வரவில்லை. எத்தனையோ பெரிய விருந்துக்கு அடுப்பு வெட்டின மனுசன். பயம் வந்தால் கை அறிந்ததுகூடப் புத்திக்கு வராது.

"வா, இப்ப வா பாப்போம்" என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி, தேங்காய்ச் சிரட்டையைக் கொளுத்திக் கரியைப் பற்றவைத்தார். விசிறியால் நாலு வீசு வீசவும் பிடித்துக்கொண்டது. வெண்கல உருளியை மேலே ஏற்றினார். அரிசியும் தண்ணீரும் விட்டுக் காத்திருந்தார்.

கொதி வரவில்லை.

உருளியைத் தூக்கிப் பார்த்தால் கரி கறுத்துக் கிடந்தது. மறுபடியும் சிரட்டை, மறுபடியும் விசிறி. பிடித்தது. உருளியை ஏற்றினார். மறுபடியும் கறுத்தது. மூன்றாம் தடவையும் அதே கதை. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. வெளியே காற்று பனையோலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவர் கட்டின சுவருக்குள் ஒரு மூச்சு இல்லை.

"சவத்துக் காத்து, அடிச்சாலும் தொல்லை, அடிக்காட்டாலும் தொல்லை."

அகப்பையை ஓங்கினார். அப்போது ஆவுடையம்மை கடலை மென்றுகொண்டே வந்தார்.

"பிடிக்கலையா, அண்ணாச்சி?"

"கரி சரியில்லை, அம்மை."

"நேத்து நீங்கதானே வெயில்ல காய வச்சீங்க?"

"அப்ப அடுப்பு சரியில்லை."

"அப்படியா."

ஆவுடையம்மை குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மேற்கே அடியில் இருந்த ஒரு செங்கல்லை ஆட்டினார். மண் இன்னும் காயவில்லை, கல் கையோடு வந்துவிட்டது. அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போயிற்று. கறுத்துக் கிடந்த கரி மெல்லக் கண் திறந்தது.

கோலப்பன் முகமும் சிவந்து மலர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெருப்பு எகிறி, கரி வெளுக்கக் கனன்று, உருளியின் ஒரு பக்கம் பொங்கியது. ஆவுடையம்மை கையிலிருந்த கல்லைக் கோலப்பன் பறிக்காத குறையாக வாங்கி ஓட்டையைப் பாதி மறைத்தார். கொதி அடங்கியது. உடனே காற்று மலையில் முட்டித் திரும்பித் தெற்கிலிருந்து வீசியது. தெற்குக் கல்லை உருவினார். மேற்குக் கல்லை முழுக்கச் சாத்தினார்.

"பிள்ளைக்குத் தொட்டில் கட்டணும்" என்று ஆவுடையம்மை எழுந்து போய்விட்டார்.

பிறகு கோலப்பனுக்கு எதையும் யோசிக்க நேரம் இல்லை. ஒரு கல் உருவ, இரண்டு கல் உருவ, கொஞ்ச நேரத்தில் பாதிச் சுவர் போய்விட்டது. மீதியையும் அவரே எடுத்துத் தள்ளி வைத்தார். இரண்டே இரண்டு கல்லை வைத்துக்கொண்டு அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் கல். கல் போதாதபோது முதுகு. முதுகைக் காற்றுக்குக் காட்டிக் குந்தி உட்கார்ந்துகொண்டே ஒரு கையால் கிண்டினார். தேங்காய்ப்பால் விட்டார், வெல்லம் போட்டார். கோவிலில் பிராகாரம் சுற்றுகிறவரைப் போல அந்த வயதான உடம்பு ஓயாமல் சுற்றியது. புகை கண்ணில் ஏறியது. தோளில் கிடந்த துண்டைக் காற்று உருவிக்கொண்டு போயிற்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வைவதற்கும் அவருக்கு நேரம் இல்லை.

பாயசம் உருண்டு திரண்டு வருகிற பதத்தில், யாரோ பக்கத்தில் நிற்பது தெரிந்தது.

"அப்பா."

சிவகலை நின்றுகொண்டிருந்தாள். கையில் அவருடைய துண்டு. பின்னால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருமகன்.

"வாசல்ல வந்து விழுந்துச்சு" என்றாள்.

கோலப்பனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. உருளியை இறக்கவும் முடியாமல், எழுந்திருக்கவும் முடியாமல், "அடிபிடிச்சிரும்மா, ஒரு நிமிசம்" என்றார். சிவகலை துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு காற்று வந்த பக்கம் போய்ச் சேலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவும் மகளும் இரண்டு பக்கமும் இருக்க, உருளி இறங்கியது.

ஒரு ஓரம் லேசாகப் பிடித்துத்தான் இருந்தது. பழைய கோலப்பனாக இருந்தால் உருளியோடு கவிழ்த்திருப்பார். இப்போது அடியைத் தொடாமல் மேலாக வழித்து ஒரு கிண்ணத்தில் எடுத்தார். விரல் நுனியில் தொட்டுப் பேத்தியின் நாக்கில் வைத்தார். பிள்ளை முகத்தைச் சுளித்தது. பிறகு சப்புக்கொட்டியது. பிறகு அவர் விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. எல்லாரும் சிரித்தார்கள். கோலப்பன் சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரியாது.

மருமகன் மடத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கோலப்பன் அவனிடம் போனார்.

"உங்க அப்பாவுக்கு ஒரு தூக்குல பாயசம் குடுத்து விடுதேன். நான் அன்னைக்குச் சொன்ன சொல்லு தப்புன்னு சொல்லிக் குடுங்க. கொண்டுபோவீங்களா?"

மருமகன் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"அப்பாவுக்குச் சக்கரை இருக்கு மாமா" என்றான். பிறகு, "கொஞ்சமாக் குடுங்க" என்றான்.

கிளம்பும்போது சிவகலை அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரொம்ப நேரம் வாசல்லயே நின்னோம்ப்பா. நீங்க வையுற சத்தம் கேட்டா அப்படியே திரும்பிரணும்னு பேசிக்கிட்டுத்தான் வந்தோம்."

கோலப்பன் தலையை ஆட்டினார்.

"அடுத்த மாசமும் வாறோம்" என்றாள்.

சாயங்காலம் காற்று தணிந்திருந்தது. கோலப்பன் செங்கற்களைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் அடுக்கினார். எல்லாம் முடிந்ததும் ஆவுடையம்மை இருந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஆவுடையம்மை உருளியின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு, இந்தப் பிடிச்சது" என்றார்.

"அம்மை, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"பெரியவர் அடுப்படிக்குக் கூரை வேண்டாம்னு ஏன் சொன்னாரு?"

ஆவுடையம்மை விரலைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் தெரியாது, அண்ணாச்சி. ஆனா சுவரும் கூரையும் இருந்திருந்தா, இன்னைக்கு வாசல்ல நின்னவ யாரைப் பாத்துட்டு உள்ள வந்திருப்பா?"