முள்ளை மறைச்ச பொட்டு

ஒரு ஊர்ல ஒரு ராட்சச பாய்லர் இருந்துச்சாம். கடற்கரை மணல்ல, மூணு பனை உசரம். ம் சொல்லணும், சரியா?

அங்க வானத்துக்குப் போயிட்டு முழுசாத் திரும்பி வர்ற ராக்கெட் ஒண்ணு. பேரு குருவி. சும்மா கிளம்புனா எரிபொருளை மடக்கு மடக்குனு குடிச்சிரும்னு, தண்டவாளத்துல வச்சு நீராவியாலயே தள்ளிவிடுவாங்க. நீராவிக்கு அம்புட்டு பலமான்னு கேக்காத! எங்க சித்தி வீட்டு இட்லிக் கொப்பரை மூடி ஒருநாள் டமார்னு பறந்து, சித்தப்பா மீசையில... சரி, அது கிடக்கட்டும்.

பாய்லரைப் பாத்துக்கிட்டவ முத்துப்பேச்சி. குருவிக்குள்ள உக்காந்தவ ஜெசிந்தா, மீன்காரர் மக. மொத நாள் நீராவி அழுத்தம் காட்டுற மீட்டர்ல நாப்பது வந்ததும் தள்ளுனாங்க. குருவி புஸ்ஸுனு பாதியில நின்னுருச்சு. ரெண்டாம் நாள் அம்பதுல தள்ளுனாங்க. கடைசி வரைக்கும் போயி நின்னுருச்சு. "இனி அறுபது. கூடுனா ஜெசிந்தா தெறிச்சுருவா, ஜாக்கிரதை"ன்னாரு ஆபீசர் ஆல்பர்ட்.

ம்... தூங்கிறாத!

அன்னிக்கு சாயங்காலமே ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். மீட்டர் கண்ணாடியிலயும் இம்மாம் பெரிய பொட்டு, அதுவும் அறுபது மேலயே! தானா உதுர்ற வரைக்கும் பூஜைப் பொட்டை யாரும் தொட மாட்டாங்கல்ல?

மூணாவது நாளு. கணகணன்னு தீ. முள்ளு ஏறி ஏறிப் பொட்டுக்குப் பின்னால போச்சு. "அறுபது!"ன்னா பேச்சி. ஆல்பர்ட் எண்ண ஆரம்பிச்சாரு. பத்து... ஒம்பது... முள்ளு வெளியவே வரல. ஆனா குழாய் ங்ங்ங்கொய்ய்ய்னு புதுசா ஒரு சத்தம் போடுது!

பேச்சி முந்தானையால பொட்டைத் துடைச்சா.

"ஏ பேச்சி! பூஜைப் பொட்டை அழிக்காத!"ன்னு பக்கத்துல நின்னவங்க கத்துனாங்க.

அடியாத்தி! முள்ளு தொண்ணூறுல நிக்குது!

"நிறுத்துங்க சார்!"

நாலு... மூணு... அவரு காதுல விழல. அப்போ பேச்சி ஓடிப்போயி நீராவியை வெளிய விடுற பெரிய திருகைச் சுத்துனா. உஸ்ஸ்ஸ்ஸ்! ஊரே வெள்ளையா மறைஞ்சு போச்சு. குருவி அசையல.

ஜெசிந்தா எறங்கி வந்தா, பல்லு கடகடன்னு அடிக்குது. "யாருக்கா அங்க பொட்டு வச்சது?"

பேச்சி விசும்பி விசும்பி அழுதா. "நாந்தாண்டி. உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் அம்புட்டு பெருசா வச்சேன்."

ஜெசிந்தா கிட்ட வந்தா. பேச்சி முந்தானையில ஒட்டுன சந்தனத்தைத் தொட்டு, தன் நெத்தியைக் காட்டுனா. "இனிமே இங்க வையிக்கா."

மறுநாள் மீட்டர் பளிச்சுனு இருந்துச்சு. சரியா அறுபது. விர்ர்ர்னு போன குருவி, சாயங்காலம் அதே மணல்ல வந்து எறங்குச்சு. ஜெசிந்தா நெத்தியில பொட்டு கலையவே இல்ல.

பாய்லரும் ஆறிருச்சு, கதையும் ஆறிருச்சு. கண்ணை மூடு தாயி.