ஊசி துள்ளாத நாள்

கதையின் முடிவில் ஒரு கேள்வி உண்டு. நடுவில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பதில் வராது, இப்போதே சொல்லிவிட்டேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரி. அங்கே இயற்பியல் துறையைத் தொடங்கியவர் டாக்டர் சலோமி பாக்கியநாதன். மாணவிகளுக்கு வெறும் ‘மிஸ்’. பூமியின் காந்தம் பகலில் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளக்க, ஊசி, கண்ணாடித்துண்டு, பட்டுநூல் இவற்றைக் கொண்டு தன் கையாலேயே ஒரு கருவி செய்தார். வருஷம் முழுக்க, லீவு நாளானாலும், காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை மணிக்கொரு ரீடிங். மாணவிகள் முறைவைத்து எடுத்தார்கள்.

ஆயுத பூஜையன்று விடுதி காலி. உள்ளூர்க்காரியான தமயந்தியின் முறை. அன்று பார்த்து அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். பஜ்ஜித் தட்டை ஏந்தி நிற்கிறவள் ஊசியை எங்கே பார்ப்பது? மறுநாள் போய், முந்தைய நாட்களின் ரீடிங்குகளுக்குச் சராசரி போட்டு, அங்கங்கே கொஞ்சம் கூட்டிக் குறைத்து, பதினோரு கட்டத்தையும் நிரப்பினாள். விடையை முன்னால் வைத்துக்கொண்டு ரீடிங்கைப் பின்னால் எழுதுவது பிராக்டிகல் வகுப்பில் எல்லோரும் பழகியதுதான், கை கூசவில்லை. ஆய்வுக்கூடம் அன்று பூட்டிக் கிடந்ததைப் பார்த்தவள், ஊரிலிருந்து சீக்கிரமே திரும்பிய வகுப்புத் தோழி குளோரி மட்டும். அவள் மூச்சு விடவில்லை.

மார்கழியில் மற்ற ஊர்களின் அளவுகள் தபாலில் வந்தன. அந்த ஆயுத பூஜையன்று சூரியனில் எழுந்த புயலால் உலகத்து ஊசியெல்லாம் துள்ளியிருக்கிறது. மிஸ்ஸின் ஊசி மட்டும் சாதுவாக இருந்திருக்கிறது.

மிஸ் தமயந்தியைக் கூப்பிட்டார். துணைக்குக் குளோரியும் போனாள்.

“அன்னைக்கு வந்தியா?”

“வரலை, மிஸ்.”

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “தெரிஞ்சா காலேஜை விட்டு அனுப்பிடுவாங்க. மாப்பிள்ளை வீடும் கழண்டுக்கும். தையில உனக்குக் கல்யாணம். அது முடியற வரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினார்கள். ஆய்வுக் கட்டுரையில் மிஸ் இப்படி எழுதினார்: அன்று கருவி பழுது.

தையில் கல்யாணமாகி தமயந்தி மதுரைக்குப் போனாள். சித்திரையில் குளோரியிடமிருந்து கடிதம். மிஸ்ஸை ஆராய்ச்சிக்கு அழைத்திருந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், பழுதாகும் கருவியை நம்ப முடியாது என்று அழைப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. தமயந்தி கடிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டாள்.

மகள் பிறந்தபின் ஒருமுறை மிஸ்ஸைப் பார்க்கப் போனாள். மிஸ் காபி கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் குழந்தைக்குப் பல் முளைத்த கதையைச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று எழுந்துவிட்டாள். மிஸ் அதே கல்லூரியில் பாடம் நடத்தி, ஓய்வுபெற்று, காலமானார்.

அந்த ஆயுத பூஜைக்கு ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, கல்லூரி மிஸ்ஸுக்கு நினைவுக் கல்வெட்டு வைத்தது. திரையை விலக்க, மூத்த மாணவி தமயந்திக்கு அழைப்பு. கல்வெட்டின் வாசகமும் கூடவே வந்தது: ‘தாம் செய்த கருவி பழுதுற்றபோதும் மனம் தளராத முன்னோடி.’

தமயந்தி பிரின்சிபலுக்குப் போன் செய்தாள்.

“அந்தப் பழுதுங்கிற வரி வேண்டாமே, சிஸ்டர்.”

“ஏம்மா? அதுதானே பிள்ளைங்களுக்குப் பாடம்! மிஸ்ஸே எழுதியிருக்காங்களே. அவங்களைவிட உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும். போனை வைத்துவிட்டாள். குளோரியிடம் புலம்பினாள்.

“ஏட்டி, சத்தியம் பண்ணியிருக்கோம்,” என்றாள் குளோரி. “நீ இப்ப உளறினா கருவிக்கு நல்ல பேரு, மிஸ்ஸுக்குப் பொய்க்காரின்னு பேரு. மாலை போடுற அன்னைக்கா அவங்க முகத்துல கரி பூசுவ?”

விழாவில் தமயந்தி திரையை விலக்கினாள். மைக்கைப் பிடித்தாள்.

“கருவி பழுதாகலை. நான்தான் அன்னைக்கு வரலை. மிஸ் என்னைக் காப்பாத்தப் பொய் எழுதினாங்க.”

முன்வரிசையிலிருந்து குளோரி எழுந்து வெளியே போய்விட்டாள்.

மாணவிக்காகப் பொய் எழுதிய மிஸ், சத்தியத்தைக் காத்த குளோரி, சத்தியத்தை உடைத்த தமயந்தி. சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தமயந்தி என்றிருப்பீர்கள். அவசரம். அவள் எந்தச் சத்தியத்தையும் உடைக்கவில்லை. மிஸ் கேட்டது கல்யாணம் முடியும் வரைதான். தையோடு அது தீர்ந்துபோனது. ஆகவே குளோரி காத்ததும் ஒன்றுமில்லை. சித்திரையில் யாராவது ஒருத்தி உண்மையை எழுதிப் போட்டிருந்தால் மிஸ் விமானம் ஏறியிருப்பார். தமயந்திக்கு மாமியாரிடம் நாலு ஏச்சு விழுந்திருக்கும், அவ்வளவே. மிஸ் எழுதியதும் பொய்தான், அதைச் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அதற்கு ஒரு கெடு வைத்தார். கெடு முடிந்ததும் இவளே வருவாள் என்று நம்பி, வாய்விட்டுக் கேட்காமல் காபி கொடுத்தார். மூவரில் சரிக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் நின்றவர் அவர்தான். விழா முடிந்ததும் மாணவிகள் தமயந்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். “என்ன தைரியம் ஆன்ட்டி உங்களுக்கு!” என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். தமயந்தி கையை உருவிக்கொண்டாள்.