கரி, சாம்பல், சுண்ணாம்பு

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு சொல் பிசகினால் கழுத்துப் போகும் கதை இது.

வெகுகாலத்துக்கு முன் நீலவாவி நாட்டை மாறவேந்தன் என்றொரு ராஜா ஆண்டான். அவனுடைய ஒரே மகள் பொன்னருவி காய்ச்சலில் இறந்துபோனாள். ஓவியர்களை அழைத்து அவள் முகத்தைப் படமாக எழுதச் சொன்னான். எந்தப் படத்தைப் பார்த்தாலும், "இவள் என் மகள் இல்லை!" என்று அலறி, எழுதியவனைச் சிறையில் தள்ளினான்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவள் காத்தாயி; ஓவியனான அவள் புருஷனும் அப்படி உள்ளே போனவன். அமாவாசையன்று அவன் கட்டைவிரலை வெட்டப்போகிறார்கள். காத்தாயி சபைக்கு ஓடிவந்து காலில் விழுந்தாள்.

"எழுந்திரம்மா," என்றான் ராஜா, பக்கத்துத் தூணைப் பார்த்து.

அவளுக்குப் புரிந்துபோயிற்று. ராஜாவுக்குக் கண் மங்கிவிட்டது! வெளியே சொன்னால் தலை மிஞ்சாது.

"நான் எழுதுகிறேன், மகாராஜா. மகளென்று தெரிந்தால் என் புருஷனை விட்டுவிடுங்கள்."

தலைமை ஓவியர் பூதலிங்கம் சிரித்தார். "சுண்ணாம்பு மட்டையாலா? இமைமயிரை ஒவ்வொன்றாக நான் எழுதுகிறேன், மகாராஜா. இவள் தோற்றால் இவள் விரலையும் எடுங்கள்."

"ஆகட்டும்."

புருஷன் எழுதிய பழைய படத்தை வைத்து வரைந்தாள், அழித்தாள், அழுதாள். மூன்றாம் நாள், கண்ணீர் முட்டப் பாதிக் கண்ணால் பார்த்தபோது நகை, இமை எல்லாம் மறைந்தன. கருத்த கூந்தல், வெளுத்த கன்னம், கழுத்தடி நிழல் மட்டும் நின்றன. கரி, சாம்பல், சுண்ணாம்பு. அந்த மூன்றையும் கொண்டு அவற்றை மட்டும் எழுதினாள்.

சபையில் பூதலிங்கத்தின் படத்தை ராஜா வெறித்துவிட்டு நகர்ந்தான். காத்தாயியின் படத்தின் முன் வந்ததும் நின்றுவிட்டான். "பொன்னி! தலையைச் சாய்த்து நிற்கிறாளே!" தடவினான். கன்னம் கலைந்து கையோடு வந்தது. குழந்தைபோல அழுதான்.

"மூக்கே இல்லாத படம் உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது, மகாராஜா?" என்றார் பூதலிங்கம்.

ராஜாவின் முகம் வெளிறியது.

"எல்லோருக்கும் தெரியும், சாமி. அழுகிறவர் பார்ப்பதுபோல் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்," என்றாள் காத்தாயி.

சபையே கண்ணைச் சுருக்கியது. பூதலிங்கத்தின் படம் கூழாகிப்போனது. அவள் படத்தைப் பார்த்து, "அட, இளவரசி!" என்றார்கள்.

"ஓவியர்களை விடுங்கள். பூதலிங்கம், ஒரு வருஷம் கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடியும்!" என்ற ராஜா, முத்துமாலையைத் தூணிடம் நீட்டினான். காத்தாயி சட்டென்று தூணுக்கு முன்னால் போய்க் கழுத்தைக் கொடுத்தாள்.

ராஜாவின் விரல்கள் கழுத்திலேயே நின்றன. "நீ என்ன பார்த்தாய்?" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"நானும் கண்ணைப் பாதி மூடியிருந்தேன், மகாராஜா."

விரல்கள் விலகின. மாலையைத் தூணடியிலேயே வைத்துவிட்டு, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, பொழுது சாயுமுன் எல்லையைத் தாண்டினாள். பிறகு எந்த ஊரிலும் அவள் தூரிகையைத் தொடவில்லை.