ஆறேகாலுக்கு மூணு

சாமிகிட்ட எல்லாரும் கை கட்டி நின்னுதான் கேள்வி கேப்பாங்க. சென்னியப்பன் இடுப்புல கை வெச்சு நின்னு கேட்டாரு.

"தனியா இரு, தனியா இருன்னு தினமும் சொல்றீங்க. எங்கீங்க இருக்கறது?"

சாமி முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தாரு. நிமுந்து பாக்கல.

"கேக்கறது உங்களைத்தானுங்க."

"காது கேக்குதுங்ணா. சொல்லுங்க."

சாமிக்கு வயசு நாப்பத்தொண்ணு. சென்னியப்பனுக்கு அம்பத்தெட்டு. அதனால குரு சீடனை அண்ணாங்கறதும், சீடன் குருவை சாமிங்கறதும் அந்த மடத்துல பழகிப்போச்சு. மடம்னா பெருசா ஒண்ணுமில்ல. பவானிக்கு ரெண்டு மைல் கீழ, ஆத்தோரமா ஒரு ஓட்டுக் கட்டடம். படுக்க ஒரே ஹாலு. சாமி, சமைக்கிற பாவாயி எல்லாத்தையும் சேத்து எட்டே பேரு. சாமி இங்க வர்றதுக்கு முன்னாடி டவுன் பஸ்ல கண்டக்டரு. சென்னியப்பன் ஹைவேஸ் ஆபீஸ்ல முப்பத்திரெண்டு வருசம் பிளான் வரைஞ்சவரு. பங்குனியில சம்சாரம் தெய்வானை தவறிப்போச்சு. ஆத்துல அஸ்தியக் கரைச்சாரு, வீட்டைப் பூட்டுனாரு, நேரா இங்க வந்துட்டாரு. கோவத்தை மட்டும் பூட்டாம கையோட எடுத்துட்டு வந்துட்டாருன்னு பாவாயி சொல்லும்.

"படுத்தா இந்தப் பக்கம் குழந்தைவேலு கொறட்டை. அந்தப் பக்கம் இருமலு. ஆத்தங்கரையில போய் உக்காந்தா பின்னாடியே ஒருத்தர் வந்து 'சாப்டாச்சுங்களா'ங்கறாரு. பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு வந்திருக்கேன் சாமி. ஏழு மாசம் ஆச்சு. ஒரு சொட்டு தண்ணி கண்ணுல வல்ல. எங்கிருந்து வரும்? கக்கூசுக்குள்ள போய்த் தாழ்ப்பாளப் போட்டாக்கூட ரெண்டாவது நிமிசம் கதவத் தட்டறீங்க!"

"நேத்து தட்டுனது நாந்தானுங்ணா. வயிறு சரியில்ல."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். பதில் வல்லீன்னா பையத் தூக்கிட்டுக் கிளம்பிருவேன். ஆமா."

சாமி காம்பையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்குனாரு. கையத் தட்டுனாரு.

"ஐப்பசி மழை வருதுங்ணா. கொல்லையில சாமானெல்லாம் நனையுது. நடுத்தரமா ஒரு கொட்டகை போட்டாத் தேவல. பிளான் வரைஞ்சு குடுங்க."

"நான் கேட்டதுக்கு இதுவாங்க பதில்?"

"இது வேலைங்ணா."

ஞானம் கேட்டா அண்டா வைக்க எடம் கேக்கறாரே மனுசன்! சென்னியப்பனுக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு. ஆனா பாருங்க, ஒரு வார்த்தை மட்டும் முள்ளு மாதிரி உள்ள குத்திட்டே இருந்துச்சு. நாலடி போனவரு திரும்பி வந்தாரு.

"நடுத்தரம்னா எவ்வளவுங்க?"

"அதுதான் எனக்கும் தெரியல."

"அடிக்கணக்கு சொல்லணுமுங்க. பத்துக்குப் பன்னெண்டா, இருவதுக்கு முப்பதா? பெருசுன்னா பெருசு, சிறுசுன்னா சிறுசு. நடுத்தரம்னு ஒரு அளவு ஸ்கேல்ல கிடையாது."

சாமி உருவுன கீரைய முறத்துல அள்ளுனாரு. "உள்ள இருக்க வேண்டியது எல்லாம் உள்ள போகணும். அதுக்கு மேல ஒண்ணும் போகக்கூடாது. அம்புட்டுத்தானுங்ணா."

"பஸ்ல நீங்க அப்படித்தான் ஏத்துனீங்களாக்கும்?"

"பஸ்ல எல்லாத்தையும் ஏத்தித்தான் இங்க வந்து சேந்தேன்."

மறுநாள் காலையில சென்னியப்பன் டேப்போட கொல்லையில நின்னாரு. கடமைக்குன்னுதான் ஆரம்பிச்சாரு. அண்டாவை அளந்தாரு. வாய் மூணரை அடி. அப்ப கதவு மூணடி வெச்சா உள்ள போகாது. நாலடி வெச்சா ஒத்தைக் கதவு தொங்கிப்போகும். ரெட்டைக் கதவுதான். பந்தல் மூங்கில் பதிமூணு அடி. படுக்க வெச்சா எடம் போச்சு, நிக்க வெச்சா கூரை இடிக்கும். சாச்சு வெச்சா? எத்தனை சாய்மானம்? குந்தி உக்காந்து மண்ணுல கோடு போட்டுப் பாத்தாரு.

"என்னுங்க, அண்டாவுக்கு சட்டை தைக்கறீங்களா?" பாவாயி கொழம்புக் கரண்டியோட வந்து நின்னுச்சு.

"நவுறு. நெழல் விழுகுது."

"வருசத்துக்கு ஒருக்கா தேருக்கு எடுக்கற அண்டாவ கதவோரமா வரைஞ்சு வெச்சிருக்கீங்க. தினமும் எடுக்கற வெறகு எங்க? மூலையிலயா? அண்டாவத் தாண்டி நான் எகிறிக் குதிக்கோணுமா?"

சென்னியப்பன் சண்டைக்குத்தான் வாயத் தெறந்தாரு. மண்ணுல போட்ட கோட்டைப் பாத்தாரு. அது சொன்னது சரி. பென்சில எடுத்து வெறக இந்தப் பக்கமும் அண்டாவ அந்தப் பக்கமும் மாத்துனாரு. பென்சில் மொக்கையாப் போயிருந்துச்சு. பிளேடு வாங்கிச் சீவுனாரு. ஏழு மாசத்துல அவர் பென்சில் சீவுனது அன்னைக்குத்தான்.

மத்தியானத்துக்குள்ள பிளான் ரெடி. பன்னெண்டுக்குப் பதினாறு. தகரக் கூரை, சரிவு கிழக்கால. சிமெண்ட் தரை அரையடி மேடு. வெறகுக்கு ஓரமா மேடை. எல்லாத்துக்கும் அளவு போட்டு, ஓரத்துல கையெழுத்து வேற போட்டிருந்தாரு.

சாமி காயிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. தலைகீழாவும் பாத்தாரு.

"ஆத்துப் பக்கத்து ஜன்னல் ஏனுங்ணா தரையில இருந்து நாலே அங்குலத்துல இருக்குது?"

"மூங்கிலும் வெறகும் தரையிலதான் ஈரம் புடிக்கும். கீழ காத்து போகணும். தெரியாததை எதுக்குக் கேக்கறீங்க?"

"தெரியாததுனாலதான்."

அவ்வளவுதான். காயிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. சென்னியப்பன் பின்னாடியே நாலு எட்டு வெச்சு, "அவ்வளவுதானுங்களா? வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா?"ன்னு கேட்டாரு. மாடுதான் திரும்பிப் பாத்துச்சு.

வியாழக்கிழமை காலையில சாமி மறுபடியும் பிளானைக் கேட்டு வாங்குனாரு.

"இங்க ஒண்ணும் வரையலையேங்ணா?"

ஜன்னலுக்குக் கீழ, செவுத்தோரமா, ஒரு துண்டு எடம். வெள்ளையா.

"அது அண்டாவ உருட்டித் திருப்பறதுக்கு."

"அண்டா அந்தக் கோடியில இருக்குதுங்களே."

"பின்னாடி ஏதாச்சும் சாமான் சேரும். வேணுமுங்க. விடுங்க."

"எவ்வளவுங்ணா அது?"

"ஆறேகாலுக்கு மூணு." டேப் பாக்காமயே சொன்னாரு. சொன்னதுக்கு அப்புறந்தான் அவருக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. பிளான்ல எல்லா அளவையும் ரெண்டு தடவை அளந்துதான் போட்டாரு. இதை மட்டும் அளக்கவே இல்ல. கை தன்னால வரைஞ்சிருச்சு. கால் அடி எதுக்கு? ஆறுன்னு முடிக்கலாம். ஏழுன்னு முடிக்கலாம். முப்பத்திரெண்டு வருசத்துல காரணமில்லாம ஒரு கால் அடி அவரு போட்டதில்ல.

அன்னைக்குப் பூராவும் அந்தக் கால் அடி அவர் கூடவே வந்துச்சு. சோத்துக்கு உக்காந்தா இலையோரமா இருந்துச்சு. ஆத்துல முங்குனா தண்ணிக்குள்ளயும் இருந்துச்சு.

வெள்ளிக்கிழமை விடிஞ்சு வெயில் ஏறுச்சு. சென்னியப்பன் பையக் கட்டி வாசப்படியில வெச்சுட்டு கொல்லைக்கு வந்தாரு. கடைசியா நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தாரு.

சாமி சுண்ணாம்புச் சட்டியும் கையுமா நின்னாரு. வேட்டிய மடிச்சுக் கட்டியிருந்தாரு.

"அண்ணா, பிளானுல இருக்கற மாதிரியே தரையில கோடு போட்டுக் குடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு அடிக்கணக்குத் தெரியாது."

சென்னியப்பன் பல்லக் கடிச்சுட்டு நூல் புடிச்சாரு. மூலைமட்டம் பாத்தாரு. பன்னெண்டுக்குப் பதினாறு, பளிச்சுனு வெள்ளைக் கோடு. கதவுக்கு நாலடி விட்டாச்சு. ஜன்னல் வர்ற எடத்துல ரெண்டு கல்லு வெச்சாச்சு. அதுக்குக் கீழ அந்த ஆறேகாலுக்கு மூணுக்கும் கோடு போட்டாச்சு.

"இப்ப எல்லாத்தையும் உள்ள வைங்க"ன்னாரு சாமி.

அண்டா உருண்டு வந்துச்சு. மூங்கில், ஏணி, மடக்கு நாற்காலி, பாய்க்கட்டு, கடப்பாரை, மம்முட்டி எல்லாம் வந்துச்சு. பாவாயி வெறகுக்கட்டோட கோட்டைத் தாண்டி நேரா உள்ள வந்துச்சு.

"ஏனக்கா, செவுத்துல வர்றீங்க," சாமி சிரிக்காம சொன்னாரு. "கதவு அங்கிருக்குது."

பாவாயி சாமியப் பாத்துச்சு, கோட்டைப் பாத்துச்சு. பொலம்பிட்டே திரும்பிப் போயி, கதவு வழியா வந்து வெறகைப் போட்டுச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் கோட்டை மிதிக்கல.

எல்லாம் உள்ள போயிருச்சு. ஒரு மம்முட்டிகூட வெளிய மிச்சமில்ல. அந்தத் துண்டு எடம் மட்டும் காலியா கெடந்துச்சு.

சாமி கதவு வழியா உள்ள போயி அதுல படுத்தாரு. குள்ளமான ஆளு. காலுக்குக் கீழ ஒண்ணேகால் அடி மிச்சம் இருந்துச்சு. எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டு வெளிய வந்தாரு.

"எனக்குப் பெருசுங்ணா. நீங்க படுத்துப் பாருங்க."

"நானா? என்ன விளையாட்டுங்க இது? பை கட்டி வெச்சிருக்கேன் நானு."

"பை வாசல்லதான இருக்குது. அது எங்கயும் போகாது."

சென்னியப்பன் விடுவிடுன்னு உள்ள போனாரு. போனா என்ன இப்ப, ஆகற கதையப் பாப்போம்ங்கற மாதிரி மல்லாக்கப் படுத்தாரு. ஆறடி ஒடம்பு. உச்சந்தலை ஒரு கோட்டைத் தொட்டுச்சு. கால் விரல நீட்டுனா அடுத்த கோடு.

இம்மி பிசகல.

வானத்தைப் பாக்கக் கண்ணு கூசுச்சு. ஒருக்களிச்சுப் படுத்தாரு. நேரா அந்த ரெண்டு கல்லு. அதுக்கு நடுவுல வேலி. வேலியோரம் புங்க மரம். நின்னா அதோட கெளை ஆத்தையே மறைக்கும். உக்காந்தாலும் மறைக்கும். இத்தனை மாசம் அந்தக் கொல்லையில நின்னு எலையத்தான் பாத்திருக்காரு. தரையோட தரையா படுத்துப் பாத்தா கெளைக்குக் கீழ ஒரு சந்து. அந்தச் சந்துல ஆறு போய்ட்டு இருந்துச்சு. பங்குனியில தெய்வானையத் தூக்கிட்டுப் போன அதே ஆறு, ஒரு சத்தமும் இல்லாம.

கண்ணு கரிச்சுது. சுண்ணாம்பு பட்டிருக்கும்னு நெனச்சாரு. அப்புறம் அப்படி நெனைக்கல.

"ஐயோ, அண்ணனுக்கு மயக்கமாட்ட இருக்குதே!" குழந்தைவேலு பதறிட்டு ஓடிவந்தாரு.

சாமி கையக் குறுக்க நீட்டுனாரு. "செவுரு இருக்குதுங்க."

குழந்தைவேலு கோட்டுக்கு வெளிய நின்னுட்டாரு. பாவாயியும் நின்னுச்சு. ஏழு பேரும் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. உள்ள சென்னியப்பன் ஆத்தப் பாத்துப் படுத்திருந்தாரு. தோளு மட்டும் குலுங்குச்சு. சாப்டாச்சான்னு ஒருத்தரும் கேக்கல.

வெயில் உச்சிக்கு வந்தப்பத்தான் எந்திரிச்சாரு. கதவு வழியாத்தான் வெளிய வந்தாரு. மத்தவங்க அவங்கவங்க வேலைக்குப் போயிருந்தாங்க. சாமி மட்டும் கதவு வர்ற எடத்துல, மண்ணுல சம்மணம் போட்டு, பிளானை மடியில விரிச்சு வெச்சு உக்காந்திருந்தாரு. வேட்டியெல்லாம் சுண்ணாம்பு.

"நீங்க சொன்ன கணக்கு தப்பிப்போச்சுங்க," சென்னியப்பன் மூக்கை உறிஞ்சிட்டே சொன்னாரு. குரல்ல இன்னும் சண்டை மிச்சம் இருந்துச்சு. "சாமான் போக ஆறேகாலுக்கு மூணு அதிகம்."

"உள்ள இருக்க வேண்டியது எல்லாம் உள்ள போகணும்னுதானங்ணா சொன்னேன். சாமான்னு சொல்லலையே." சாமி காயிதத்துல வெரலை வெச்சாரு. "இது ஒண்ணு மட்டும் கேக்கணும். கதவுக்குத் தாழ்ப்பாள உள்பக்கம் போட்டிருக்கீங்க. அண்டா உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டுக்குமா?"

சென்னியப்பன் குனிஞ்சு பாத்தாரு. உள்பக்கந்தான். அவர் கையாலதான் வரைஞ்சிருக்காரு.

"தப்புங்க." சட்டைப் பையில ரப்பரைத் தேடுனாரு. "குடுங்க, அழிச்சிடறேன்."

"அழிக்காதீங்க. அது அங்கயே இருக்கட்டும்." சாமி பென்சிலை வாங்குனாரு. கதவுக்கு வெளிய, செவுத்தை ஒட்டி, கோணலா நீளமா ஒரு கட்டம் போட்டாரு. "இது விட்டுப்போச்சு."

"என்னுங்க அது?"

"பெஞ்சு."

"நீளம்?" வாய் பழக்கத்துல கேட்டுருச்சு.

"ஏழு பேரு உக்கார்ற மாதிரி."

"கொட்டகைக்கு வெளிய ஏழு பேருக்கு எதுக்குங்க பெஞ்சு?"

சாமி பென்சிலைத் திருப்பிக் குடுத்தாரு.

"கதவத் தட்டாம இருக்கணும்னா, எங்களுக்கு உக்கார ஒரு எடம் வேணுமுங்ணா."